பிழை சொல்லும் புத்தகம்

வன்னியில் ஒரு பிள்ளை வீட்டிலிருந்து படிக்கிறது என்றால், அது அநேகமாகப் பெற்றோர் யோசித்து எடுத்த முடிவாக இருப்பதில்லை. அமெரிக்காவில் ஜோன் ஹோல்ட் 1977 இல் வீட்டுக் கல்விக்கென்றே ஒரு சஞ்சிகை தொடங்கினார். பள்ளிக்கூடம் பிள்ளையின் இயல்பான ஆர்வத்தை மழுங்கடிக்கிறது என்பது அவருடைய கட்சி. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்தின் மேல் அப்படியொரு கோபம் யாருக்கும் இருந்ததாக நினைவில்லை. பள்ளிக்கூடம் கைவிட்டுப் போனபோதெல்லாம் வீடு அந்த இடத்தை நிரப்பப் பார்த்தது, அவ்வளவுதான். 1996 இல் கிளிநொச்சி நகரம் விழுந்தபோது அதன் பாடசாலைகள் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கங்களில் கொட்டில்களிலும் மரநிழலிலும் நடந்தன. வகுப்பில் கழிந்த நேரத்தைவிட இருப்பிடத்தில் தனியே படித்த நேரமே அதிகம். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் வலயங்களுக்கு ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று படித்த பெரியவர்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். உள்ளே தறப்பாளுக்குக் கீழே இருந்து பிள்ளைகள் ஓ.எல்.லுக்கும் ஏ.எல்.லுக்கும் படித்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. 2022 இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் பூட்டப்பட்டன. இந்தப் பெரிய சம்பவங்களுக்கு வெளியே, எந்தக் கணக்கிலும் சத்தமாக ஏறாத பிள்ளைகள் எப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள்: நீண்ட நோயில் கிடப்பவர்கள், செல்வீச்சில் காயப்பட்டு வகுப்புக்குப் போக முடியாமற்போனவர்கள், கூலிக்குப் போய் மாலையில் கொப்பியைத் திறப்பவர்கள், கணிதத்தில் சித்தியடையாமல் அடுத்த தடவைக்காக வீட்டில் காத்திருப்பவர்கள். சட்டப்படி கட்டாயக் கல்வி வயது 1998 இலிருந்து 5 முதல் 14 வரை. 2016 இல் அது 16 ஆக உயர்ந்தது. ஆகவே போகக்கூடிய பிள்ளையை மறித்து வைக்கும் யோசனைக்கு நான் ஆள் இல்லை. போக முடியாத பிள்ளைக்கு மேசையில் எதை வைப்பது என்பதுதான் கேள்வி.

இதற்கு என்னிடம் ஒரு பதில்தான் உண்டு. பாடத்தைச் சொல்லித் தருகிறவற்றைத் தேடுமுன், பிழையைக் காட்டித் தருகிறவற்றைத் தேட வேண்டும். 7 வயதுப் பிள்ளைக்கு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். எழுத்துக் கூட்டவும் பென்சில் பிடிக்கவும் ஒரு கை வேண்டும். 15 வயதுப் பிள்ளை வாசிக்கும், விளங்கிக்கொள்ளும், விளங்காததைத் திரும்ப வாசிக்கும். தான் விளங்கிக்கொண்டது பிழை என்பது மட்டும் அதற்குத் தெரிய வராது. வகுப்பில் இதைப் பெரும்பாலும் பக்கத்து வாங்கில் இருப்பவனே தெரியப்படுத்திவிடுகிறான், அவனுடைய விடை வேறாக இருப்பதால். வீட்டில் அந்தப் பக்கத்து வாங்கு இல்லை. புத்தகம் தெரிவு செய்கிறவர்கள் இந்தக் குறையைக் கவனிப்பதில்லை. விளக்கம் போதாது என்று நினைத்து விளக்கத்தின் மேல் விளக்கமாக வாங்கி அடுக்குகிறார்கள்.

யுத்த காலத்து வன்னியை நினைத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரிகிறது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் கட்டுப்பாடு இருந்தது, மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரியைச் சிறிதாக எரிய விட்டுப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அந்த நிலையிலும் பாடம் என்ற சரக்கு நடமாடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு நல்ல ஆசிரியரின் குறிப்பு அக்கராயனில் எழுதப்பட்டால் அது கொப்பிக்குக் கொப்பி இறங்கி முத்தையன்கட்டு வரைக்கும் போகும். அதோடு சேர்ந்து பிழையும் போகும். ஒருவர் சமன்பாட்டில் ஒரு சய அடையாளத்தைத் தவறவிட்டால், அதைப் பார்த்து எழுதிய எல்லாருடைய கொப்பியிலும் அது இல்லாமலே போகும். எழுத்து அழகாக இருப்பதால் அதைச் சந்தேகிக்கவும் தோன்றாது. அந்தத் தலைமுறை கையெழுத்துக் குறிப்புகளைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறது. பேச உரிமையும் உண்டு. ஆனால் அன்று அருமையாக இருந்தது குறிப்பு அல்ல, அந்தக் கொப்பியை வாங்கிச் சிவப்புப் பேனையால் கோடு போடக்கூடிய ஆள். அப்படி ஓர் ஆள் கிடைத்த குடியிருப்பில் பெறுபேறு வேறு விதமாக இருந்தது. காகிதமும் எண்ணெயும் எல்லாருக்கும் ஒரேயளவு தட்டுப்பாடு என்ற இடத்தில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இனி, கையில் இருப்பதைப் பார்ப்போம். 1980 இலிருந்து அரசாங்கம் பாடநூலை இலவசமாகக் கொடுக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் அந்த நூல்களை ரியூசன் உலகம் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பதுண்டு, அது நியாயமில்லை. ஆனால் அவை வகுப்பறைக்கு எழுதப்பட்டவை. ஒரு செயற்பாடு வரும், குழுவாகச் செய்யச் சொல்லும். ஓர் ஒப்படை வரும், ஆசிரியரிடம் காட்டச் சொல்லும். ஆசிரியர் ஒருவர் எதிரில் நிற்கிறார் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பக்கங்கள் பேசுகின்றன. அதே 1980 இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் பாடப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தால் அமைப்பே வேறு. தூரத்தில் இருந்து தனியே படிக்கிறவருக்கு எழுதப்பட்டவை ஆதலால், பாடத்துக்குள்ளேயே நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்கும். நீ சரியாகத்தான் வந்துகொண்டிருக்கிறாயா என்று சோதித்துவிட்டே அடுத்த பகுதிக்கு விடும். ஓ.எல். பிள்ளைக்கு அந்தத் தரத்தில் தமிழில் ஒரு முழுத்தொகுதி இல்லை. ஆகவே அதை நாமே பொருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நல்ல வேளையாக, உதிரிகள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன.

முதல் உதிரி, பலரும் கவனிக்காமல் விடுவது: ஆசிரியர் வழிகாட்டி. மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் பாடத்திட்டத்தோடு ஒவ்வொரு பாடத்துக்கும் இதை வெளியிடுகிறது, இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். தேர்ச்சி மட்டம் எது, அதற்கு எத்தனை பாடவேளை, இந்த அலகு முடிந்தால் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். வீட்டில் படிக்கும் பிள்ளை ஓர் அலகிலே மூன்று கிழமை மூழ்கிக் கிடப்பதும், இன்னொன்றை அரை நாளில் தாண்டிவிடுவதும் சாதாரணம். பாடவேளைக் கணக்குத்தான் அதற்குக் கடிவாளம். அடுத்தது கடந்தகால வினாத்தாள். பாஸ் பேப்பர் இல்லாத வீடு வன்னியில் இல்லை என்றே சொல்லலாம், ஆனால் அதை ஆண்டு பார்க்காமல் வாங்குகிறார்கள். 2015 இல் தரம் 10 இன் பாடத்திட்டம் மாறி, 2016 டிசெம்பரில்தான் புதிய பாடத்திட்டத்துக்கான முதல் சாதாரண தரப் பரீட்சை நடந்தது. அதற்கு முந்திய தாள்களைக் கொடுத்தால் பிள்ளை இல்லாத அலகைத் தேடிக் குழம்பும். இருக்கிற அலகைத் தவறவிடும். அண்ணன் படித்த புத்தகம், அக்கா கட்டிய வினாத்தாள் என்று பாசத்தோடு கைமாறுகிறவற்றை இந்த விஷயத்தில் நம்பக்கூடாது.

மூன்றாவதுதான் என் வாதத்தின் மையம்: பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளி வழங்கும் திட்டமும் மதிப்பீட்டு அறிக்கையும். பின்பக்கத்தில் விடை மட்டும் அச்சிட்ட புத்தகம் பிள்ளையிடம் 'சரி' என்றோ 'பிழை' என்றோ சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். புள்ளித்திட்டம் அப்படி ஒதுங்காது. கணிதத்தில் 10 புள்ளிக் கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டால், எந்தப் படிக்கு 1, எந்தப் படிக்கு 2 என்று அது பிரித்து வைத்திருக்கும். கடைசி விடை பிழைத்த பிள்ளை, தான் ஆறாவது படியில்தான் தடுக்கினோம், அதுவரை வந்த வழி சரி என்று கண்டுகொள்ளும். தனியே படிக்கிற பிள்ளைக்கு இது பெரிய தைரியம். தனிமையில் ஒரு பிழை முழுத் தோல்வியாகத்தான் தெரியும். மதிப்பீட்டு அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போகிறது. நாடு முழுவதும் எழுதிய பிள்ளைகள் எந்தக் கேள்வியில் சறுக்கினார்கள், பொதுவாக எப்படிச் சறுக்கினார்கள், என்ன பயிற்சி வேண்டும் என்று கேள்வி கேள்வியாகச் சொல்கிறது. வீட்டில் இல்லாமற்போன அந்தப் பக்கத்து வாங்கு இதற்குள் இருக்கிறது. ஆசிரியர்களுக்கென்று எழுதப்பட்ட உலர்ந்த அறிக்கை அது; 16 வயதுப் பிள்ளைக்கு வாசிக்க முடியாத மொழியில் இல்லை. இந்த இடத்தில் கருவி பற்றியும் ஒன்று: சாதாரண தரக் கணிதப் பரீட்சையில் கணிப்பான் அனுமதி இல்லை, மடக்கை அட்டவணைதான். போன் பக்கத்தில் இருக்கிற வீட்டில் பெருக்கலைப் போன் செய்துவிடுகிறது. பிழைக்கு இடமே இல்லாததால் கற்றுக்கொள்ளவும் இடமில்லாமல் போகிறது. கொம்பாஸ் பெட்டியும் மடக்கை அட்டவணையும் தேய்கிற அளவுக்குப் பாவிக்கப்படுகிறதா என்று பார்ப்பது, புதிதாக ஒரு வழிகாட்டி நூல் வாங்குவதைவிட மலிவு, பயனும் கூட.

'இது கல்வி இல்லை, பரீட்சை வியாபாரம்' என்று சொல்வார்கள். இந்த ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். வீட்டில் படிப்பதன் ஒரே வசதி பரீட்சையின் பிடியிலிருந்து விலகி இருப்பது, அதையும் கொண்டுபோய்ப் பரீட்சைக்கே கொடுப்பதா என்று கேட்பது நல்ல கேள்விதான். ஆனால் அதைக் கேட்கிற வசதி எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. கொழும்பில் சர்வதேசப் பாடசாலைப் புத்தகங்களோடு வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு இலண்டன் பரீட்சை ஒன்று பின்னால் நிற்கிறது. புதுக்குடியிருப்பில் ஒரு பிள்ளைக்குப் பின்னால் நிற்பது சாதாரண தரம் ஒன்றுதான். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்து அந்தக் கதவைத் தள்ளலாம். வேறு கதவு இல்லை. பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கென்று 5 வீதம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, அந்தப் பட்டியலில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் உண்டு. அந்தச் சலுகைகூட ஏ.எல். எழுதியவருக்குத்தான். அதைவிட முக்கியமாக, புள்ளித்திட்டத்தை வைத்துப் படிப்பதும் விடையைப் பாடமாக்குவதும் ஒன்றல்ல. வழிகாட்டிப் புத்தகக் கடைகளில் குவிந்திருக்கும் 'மாதிரி விடை' நூல்கள் இரண்டாவதைத்தான் செய்கின்றன. தன் விடையைத் தானே திருத்திப் பழகிய பிள்ளை தன்னைத் தானே விசாரிக்கப் பழகுகிறது. அதைக் கல்வி என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

படிக்காத தாய் தகப்பன் என்ன செய்வார்கள் என்று அடுத்துக் கேட்பார்கள். வீட்டுக் கல்வி என்றால் பட்டதாரித் தாய் சமையலறை மேசையில் இருந்து படிப்பிக்கிற படம் ஒன்று எங்கிருந்தோ வந்து நம் தலைக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் சொல்கிற முறைக்குத் தாய் படிப்பிக்கத் தேவையில்லை. புள்ளித்திட்டத்தை அவர் பிடித்து வைத்திருந்தாலே போதும். பிள்ளை நேரம் வைத்து எழுதி முடிக்கும்வரை அந்தக் காகிதம் அம்மாவின் கையில். முடிந்த பிறகு பிள்ளையிடம். இரண்டாம்பேர் ஒருவர் அதைக் காவல் காப்பதால் பார்த்து எழுதுகிற சபலம் அடங்கிவிடுகிறது. வாசிக்கத் தெரிந்த தங்கச்சி இருந்தால் இன்னும் நல்லது, படிப்படியாக வாசித்து அவளே புள்ளி போடலாம். தமையனுக்குப் புள்ளி குறைப்பதில் தங்கச்சிமாருக்கு உள்ள அக்கறை எந்த மேற்பார்வையாளருக்கும் வராது. கணித அறிவு இல்லாமலும் திருத்தக்கூடிய விதத்தில் ஒரு கருவி இருப்பது பெரிய விஷயம். விளக்கப் புத்தகம் எதற்கும் அந்தக் குணம் இல்லை.

போன் இருக்கும்போது புத்தகம் எதற்கு என்பது இந்தக் காலத்துக் கேள்வி. 2020 இலும் 2021 இலும் வகுப்பு வட்ஸ்அப்புக்கு வந்தபோது அதற்கு ஒரு முழு விடை கிடைத்தது. முல்லைத்தீவின் உட்பகுதிகளில் சிக்னலுக்காகப் பிள்ளைகள் வெளியைத் தேடிப் போக வேண்டியிருந்தது. வீட்டில் ஒரே போன், அது தகப்பனோடு வேலைக்குப் போய்விடும்; டேற்றா முடிந்தால் பாடமும் முடியும். இவை வசதிக் குறைகள், காலப்போக்கில் தீரலாம். தீராத குறை வேறு. குரல் பதிவாகவும் பி.டி.எவ்.வாகவும் பாடம் ஒரு பக்கமாகவே வந்து நிறைந்தது. பிள்ளை அதைச் சேமித்து வைத்தது. சேமித்ததைப் படித்ததாக நினைத்துக்கொண்டது. அந்த மாதங்களில் உண்மையாகப் பயன் கண்டவர்கள், எழுதிய விடையைப் படம் எடுத்து அனுப்பி, ஆசிரியர் அந்தப் படத்தின் மேலேயே சரி பிழை போட்டுத் திருப்பி அனுப்பிய பிள்ளைகள்தான். அதாவது அங்கும் வேலை செய்தது திருத்தம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது போனும் அணைந்தது. காகிதமும் கிடைக்கவில்லை, மேல் மாகாணத்திலேயே தவணைப் பரீட்சையைத் தள்ளி வைத்தார்கள். ஏற்கெனவே கட்டி வைத்திருந்த வினாத்தாள்கள் அப்போது எவ்வளவு பெறுமதியாகத் தெரிந்தன என்பதை அந்த ஆண்டு பரீட்சை எழுதியவர்கள் அறிவார்கள்.

யூரியூப் பற்றித் தனியே ஓர் எச்சரிக்கை வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தப் பொறி வன்னிப் பிள்ளைக்கென்றே வைத்தது போன்றது. தமிழில் தேடினால் முதலில் வருவது தமிழ்நாட்டு வீடியோக்கள். பல மிக நன்றாக இருக்கின்றன. ஆனால் அங்கே 'வேகம்' என்பது திசை சாராத கணியம். எங்கள் பாடநூலில் அதற்குப் பெயர் கதி, எங்கள் வேகம் திசையுள்ளது. அவர்களுடைய முடுக்கம் எங்களுக்கு ஆர்முடுகல், அவர்களுடைய இணைதிறன் எங்களுக்கு வலுவளவு. வேறு சொல்லாக இருந்தால் பிள்ளை நின்று யோசிக்கும். ஒரே சொல் வேறு பொருளில் வரும்போது யோசிக்காமல் தாண்டிவிடும், பரீட்சையில் கதி-நேர வரைபைக் கேட்டால் வேறொன்றை எழுதிவிட்டு வரும். வீடியோவைத் தடுக்கச் சொல்லவில்லை. பாடநூலை வாசித்த பிறகு, விளங்காத ஓர் இடத்துக்காக மட்டும் பார்த்தால் இந்த ஆபத்து பாதியாகக் குறையும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் எங்கள் பாடத்திட்டப்படி இருக்கிறது. மெருகு குறைவு, ஆனால் சொல் பிசகாது.

விஞ்ஞானச் செயற்பாடுகளுக்கு ஆய்வுகூடம் இல்லையே என்ற கவலை அளவுக்கு மீறியது. அமிலமும் காரமும் பார்க்கச் செவ்வரத்தம்பூச் சாறு போதும், தேசிக்காயும் சாம்பல் கரைத்த நீரும் வீட்டில் உண்டு. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காததும், கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிவதும் புத்தகத்தில் ஓர் அலகு. மழைத் தண்ணீரில் அதே சவர்க்காரத்தைப் போட்டுப் பார்த்தால் ஒப்பீடும் முடிந்தது. தெரிவுப் பாடங்களில்தான் உண்மையான கவனம் வேண்டும். ஒன்பது பாடங்களில் ஆறு கட்டாயம். மூன்றைத் தொகுதிகளிலிருந்து தெரிவு செய்யலாம். சங்கீதம், நடனம் போன்றவற்றுக்குச் செய்முறைப் பரீட்சையும் உண்டு. குரு இல்லாமல் அதற்குத் தயாராவது கடினம். தமிழ் இலக்கிய நயம், புவியியல், விவசாயம் ஆகியவை புத்தகத்தோடும் வளவோடும் நின்றுபிடிக்கக் கூடியவை. மாரியில் வயல், கோடையில் கச்சான் என்று வளர்ந்த பிள்ளைக்கு விவசாயப் புத்தகம் பாதி ஏற்கெனவே தெரிந்தது. தெரிந்ததை எழுத்தில் சொல்லத்தான் பழக்கம் வேண்டும், மறுபடியும் புள்ளித்திட்டம்.

பரீட்சை கேட்காத புத்தகம் வேண்டாமா என்றால், வேண்டும், ஆனால் அதைப் பெற்றோர் தெரிவு செய்யக்கூடாது. இந்த ஒரு தட்டில் திருத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வாசித்தாயா, என்ன விளங்கியது என்று கேட்டால் அந்த வயதுப் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். 2005 இலிருந்து இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. பிள்ளையைத் தளத்தில் விட்டுவிட்டு விலகினால் சரி. தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973 இல் வந்த நாவல். தன் ஊர்க் காடு அச்சில் வந்திருக்கிறது என்று அறியாமலே முல்லைத்தீவுப் பிள்ளைகள் ஓ.எல். முடித்துவிடுகிறார்கள்.

செலவைப் பற்றிய ஆட்சேபம் மட்டும்தான் எனக்கு இன்னும் கனமாகத் தெரிகிறது. மேலே சொன்ன எல்லாம் இலவசம்தான், இறக்கிக்கொள்ள. போனின் சிறிய திரையில் புள்ளித்திட்டத்தை விரலால் நகர்த்தித் திருத்த முடியாது; அச்சில் வேண்டும், 2022 க்குப் பிறகு போட்டோக் கொப்பிக் காசு ஏழை வீட்டுக்குச் சுமை. ஒன்பது பாடங்களுக்கும் 2016 முதல் உள்ள தாள்களையும் திட்டங்களையும் ஒரு பிள்ளைக்கென்று அச்சிடுவது வீண் செலவும்கூட, ஏனென்றால் ஒரு தாள் ஒரு தடவைதான் பாவனை. இதை வீடு வீடாகச் செய்யாமல் பிரதேச சபை நூலகங்கள் செய்யலாம். பாடத்துக்கு ஒரு கட்டு, அதில் ஆசிரியர் வழிகாட்டி, வினாத்தாள்கள், புள்ளித்திட்டங்கள், மதிப்பீட்டு அறிக்கை. வெளியே கொடுக்காமல் மேசையில் வைத்துப் பாவிக்கலாம், அல்லது பெற்றோரின் கையொப்பத்தோடு ஒரு கிழமைக்கு இரவல் கொடுக்கலாம். பத்திரிகை வாசிக்க வருகிற மேசைக்குப் பக்கத்தில் ஓர் அலுமாரித் தட்டுப் போதும். வழிகாட்டி நூல்களை அன்பளிப்பாகக் கொடுக்க முன்வருகிற புலம்பெயர்ந்த நலன்விரும்பிகள், அந்தக் காசில் இந்தக் கட்டுகளை அச்சிட்டுக் கொடுக்கலாம். மேடை போட்டுப் படம் எடுக்க அது அவ்வளவு எடுப்பாக இருக்காது என்பது உண்மை.